திரும்பி வரும் விடைத்தாள்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க்கல்வியில் தொலைக்கற்பித்தலின் வரலாறு (1950–2021)

1950ஆம் ஆண்டு, கோலாலம்பூரில் வெளிவந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' நாளிதழ் ஒரு வகுப்பைத் தொடங்கியது. அதற்குக் கட்டடமும் கரும்பலகையும் கிடையாது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய அந்தக் 'கதை வகுப்பு', சிறுகதை எழுதுவது எப்படி என்பதைப் பத்திரிகைப் பக்கத்தில் பாடமாகச் சொல்லித் தந்தது. வாசகர்கள் பயிற்சிகளை எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். ஆசிரியர்கள் அவற்றைப் படித்து, எடைபோட்டு, குறைநிறைகளைச் சொன்னார்கள். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் எவரும் இந்த வகுப்பைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் அவர்கள் அதை இலக்கிய நிகழ்வாகவே பார்க்கிறார்கள். இக்கட்டுரை அதை ஒரு கற்பித்தல் முறையாகப் பார்க்கிறது. ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்க, பாடம் ஒரு திசையிலும் விடைத்தாள் மறுதிசையிலும் பயணம் செய்த ஏற்பாடு அது.

இவ்விரண்டாவது பயணமே இந்த ஆய்வின் மையம். கடந்த எழுபது ஆண்டுகளில், கோலாலம்பூரையும் அதைச் சூழ்ந்த சிலாங்கூர் நகரங்களையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகளுக்கு வானொலி, தொலைக்காட்சி, குறுவட்டு, மடிக்கணினி, மெய்நிகர் கற்றல் தளம் என்று எத்தனையோ கருவிகள் வந்தன. அவற்றுள் வேரூன்றியவை எவை, வந்த வேகத்திலேயே மறைந்தவை எவை என்று பிரித்துப் பார்த்தால் ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது. பிள்ளை தமிழில் எழுதியதை ஆசிரியரிடம் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த கருவிகள் நிலைத்தன. பாடத்தைக் கொண்டுபோய்க் கொட்டியதோடு நின்றவை நிலைக்கவில்லை.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அப்படி எழுந்த பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். இந்தியத் தொழிலாளர்கள் நிரம்பிய கிள்ளான் வட்டாரம் இத்தகைய பள்ளிகளின் கூடாரமாக இருந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கதை வேறு. செங்கல் சூளைகளால் பெயர்பெற்று, இரயில்வே பணிமனையால் வளர்ந்த அப்பகுதியில் 1904இல் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது.

1957இல் நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது சில பள்ளிகள் மூடப்பட்டன, சில நகரத்துக்கு இடம்பெயர்ந்தன. ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கிள்ளானில் ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பெயர்ப்பலகையில் தோட்டம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் பால்மரம்தான் இல்லை. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடியேறின. இதைச் சொல்லாமல் கருவிகளின் கதையைச் சொல்ல முடியாது. ஒரு பள்ளிக்கு இணைய இணைப்பு கிடைத்தது என்பது ஒரு செய்தி. அப்பள்ளியின் பிள்ளை வீட்டில் எதை வைத்துப் படித்தது என்பது முற்றிலும் வேறு செய்தி.

ஒருவழிப் பாதைகள்

1972 ஜூன் 19 அன்று மலேசியக் கல்வித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. திறமான ஆசிரியர் ஒருவரின் பாடத்தை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பது அன்று பெரும் வாய்ப்பு. ஆனால் நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் வகுப்பு நேர அட்டவணையும் ஒத்துவர வேண்டும். பள்ளியில் மின்சாரமும் பெட்டியும் இருக்க வேண்டும். மின்வசதி முழுமையாக எட்டாத தோட்டப்பள்ளிகள் அன்று பல. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு: திரையில் தோன்றும் ஆசிரியருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதுவது தெரியாது.

1997இல் வகுக்கப்பட்ட விவேகப்பள்ளித் திட்டம், பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கம். 1999 முதல் 2002 வரை 87 பள்ளிகளில் முன்னோடியாக நடந்தது. அதற்கான மென்பொருள் பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே உருவாக்கப்பட்டன. தமிழுக்கு அதில் இடமில்லை. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, ஒளிபடக்காட்டி, குறுவட்டுப் பாடங்கள் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள் பெருமளவில் கணினி நுழைந்தது அப்போதுதான் என்பதை மறுக்க முடியாது. அது நுழைந்தது ஆங்கிலப் பாடத்தைச் சுமந்துகொண்டு என்பதையும் மறக்க முடியாது. 2009 ஜூலை 8 அன்று அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கொள்கை போனதும் குறுவட்டுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆசிரியர் திறந்து மாற்றவோ, தம் வகுப்புக்கேற்பத் தமிழில் ஒரு வரி சேர்க்கவோ முடியாத பாடம், அதை அனுப்பிய திட்டத்தின் ஆயுளோடு முடிந்துபோவது இயல்புதான்.

எழுதும் விரல்

இதே காலத்தில், எந்தத் திட்டத்திலும் சேராமல் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கேரித்தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் கணினியில் தமிழை எழுதும் முயற்சியைத் தொடங்கினார். 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய'த்தைத் தொகுத்த, தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் இவர் தந்தை. முரசு அஞ்சல் என்று பெயர்பெற்ற அந்த மென்பொருளின் பயனைத் தமிழ்ப்பள்ளியின் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும். அதுவரை ஆசிரியர் ஒரு பயிற்சித்தாள் தயாரிக்க வேண்டுமானால் பெரும்பாலும் கையால் எழுதிப் படியெடுக்க வேண்டும். தட்டச்சு செய்து, சேமித்து, அடுத்த ஆண்டு இரண்டு வினாக்களை மட்டும் மாற்றி மறுபடி அச்சிட முடியும் என்றபோது, ஆசிரியர் பாடப்பொருளை ஆக்குபவர் ஆனார்.

ஆனால் வழி நெடுகக் கற்கள் இருந்தன. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்த காலம் அது. கிள்ளானில் ஓர் ஆசிரியர் தயாரித்த பயிற்சியைப் பிரிக்பீல்ட்ஸில் இன்னொருவர் திறந்தால் புரியாத குறிகள் வரிசை வரிசையாக நிற்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரே அம்மாநாட்டை நடத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, அயலகப் பிள்ளைகளுக்கான பாடங்கள் இணையத்தில் வர ஆரம்பித்தன. எல்லா மென்பொருளுக்கும் பொதுவான குறியாக்கமான ஒருங்குறி மெல்ல மெல்ல நிலைபெற்றபின் கோப்பு விட்டுக் கோப்பு மாறினாலும் எழுத்து மாறாமல் நின்றது. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான செல்லினம், கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. 2013இல் ஐபோனின் இயங்குதளத்திலேயே தமிழ் விசைமுகங்கள் சேர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழிணைய மாநாடு மீண்டும் கோலாலம்பூருக்கு, இம்முறை மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

இந்த வரலாற்றைத் தொழில்நுட்ப வரலாறு என்று ஒதுக்கிவிடுகிறோம். என் பார்வையில் இது கல்வி வரலாற்றின் தலையாய அதிகாரம். 2020இல் கோவிட்-19 பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏழாம் மாடியில் இருந்த ஒரு பிள்ளை, அம்மாவின் கைத்தொலைபேசியில் 'டீச்சர், எனக்கு மூன்றாவது கேள்வி புரியவில்லை' என்று தமிழில் தட்டச்சு செய்ய முடிந்ததற்கு முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு பின்னால் இருந்தது.

பத்தாயிரம் பள்ளிகளும் ஒரு புலனக் குழுவும்

2011இல் ஒப்பந்தமாகி அடுத்த ஆண்டு தொடங்கிய ஒன்பெஸ்தாரிநெட் திட்டம், நாட்டின் 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் 'ஃப்ராக்' என்னும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் தருவதாக இருந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கின. ஆசிரியர் தாமே பாடப்பக்கம் அமைக்கலாம், பணிகளைக் கொடுக்கலாம், மாணவர் திருப்பி அனுப்பலாம் என்பதால் கொள்கையளவில் அது இருவழித் தளம். நடப்பு வேறாக இருந்தது. தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 ஜூலையில் கல்வியமைச்சு அதை விட்டுக் கூகல் வகுப்பறைக்கு மாறியது. 2020 ஜூனில் கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் சேவைகளை ஒரே நுழைவாயிலில் இணைத்த 'டெலிமா' தளம் வந்தது.

ஃப்ராக் ஏன் தோற்றது என்பதற்கு மெதுவான இணைப்பைக் காரணம் காட்டுவோர் உண்டு. அது பாதி விடைதான். திட்டம் தந்த இணைப்பு பள்ளியில் இருந்தது. பிள்ளை எழுதும் நேரமோ மாலையில், வீட்டில். வீட்டில் இருந்தது கைத்தொலைபேசி ஒன்றே.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களைப் பற்றிக் கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரியவந்தது. திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காடு. மேசைக்கணினி 6 விழுக்காட்டினரிடமே இருந்தது. அக்டோபர் 14இல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய பகுதிகளுக்கு மீண்டும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பல மாநிலத்தாரைவிட முன்கூட்டியே வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தலுக்கு அமைச்சு வெளியிட்ட கையேடு, இயங்கலை வழியோடு இயங்கலை அல்லாத வழிகளையும் ஏற்றுக்கொண்டது. பயிற்சித்தாளைப் பள்ளி வாசலில் பெற்றோர் வாங்கிச் செல்வதும் முறையான கற்பித்தலாயிற்று. 1950இல் அஞ்சல்காரர் செய்த வேலையை 2020இல் பெற்றோர் செய்தார்கள்.

இக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டது எந்தக் கற்றல் தளமும் இல்லை. புலனம் என்று நாம் அழைக்கும் வாட்ஸ்அப்தான். காலையில் ஆசிரியர் குழுவில் பாடத்தை இடுவார். வேலைக்குப் போன தாயோ தந்தையோ வீடு திரும்பியபின், இரவு எட்டு மணிக்கு மேல், பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டு ஆசிரியர் திருப்பி அனுப்புவார். கற்பித்தலுக்காக வடிவமைக்கப்படாத கருவி இது. ஆனாலும் விடைத்தாள் திரும்பி வந்தது, திருத்தம் மறுபடி பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. 2007இல் ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் பின்னூட்டத்தின் ஆற்றலைப் பற்றி எழுதிய கட்டுரையில், நல்ல பின்னூட்டம் மாணவரின் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும் என்றார்கள்: எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறேன், அடுத்த அடி எது. சரி என்ற குறியோ மதிப்பெண்ணோ நடுக்கேள்வியைத்தான் தொடுகிறது. 'இங்கே வலிமிகும், ஏன் என்று யோசித்து, இதே போல் இரண்டு சொற்றொடர் எழுதி அனுப்பு' என்று சிவப்புக் கோட்டின் பக்கத்தில் எழுதிய ஆசிரியர் மூன்றாவது கேள்விக்கும் விடை சொல்லிவிட்டார்.

குவிசிஸ், கஹூட், வோர்ட்வால் போன்ற புதிர்ச் செயலிகளும் அப்போது பரவின. இவற்றை வெறும் விளையாட்டு என்று தள்ளுவது தவறு. மறுபடி மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தின் செய்யுளும் மொழியணியும் பகுதிக்கு, அதாவது திருக்குறள், இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர் ஆகியவற்றுக்கு, இச்செயலிகள் கனகச்சிதமாகப் பொருந்துகின்றன. கட்டுரைக்கு இவை உதவா. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிற விரல் ஒரு பத்தியை எழுதிப் பழகுவதில்லை. அந்த எல்லையை அறிந்து பயன்படுத்தும் ஆசிரியரிடம்தான் அவை கருவி.

எழுத்துக்கு வெளியே இன்னொரு பயனும் கிடைத்தது. அதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். வகுப்பில் முப்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு பிள்ளையின் லகர, ளகர, ழகர உச்சரிப்பு ஆசிரியர் காதில் தனியாக விழுவதில்லை. குரல்பதிவில் விழுந்தது. 'வாழைப்பழம்' என்று பிள்ளை சொல்லி அனுப்ப, ஆசிரியர் நாக்கை எங்கே வளைக்க வேண்டும் என்று சொல்லித் தாமும் ஒருமுறை சொல்லி அனுப்பினார். கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கும் அது வழிவிட்டது.

2021 ஏப்ரலில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் நீக்கப்பட்டது. தமிழ் நாளிதழ்களில் மாதிரி வினாத்தாள்களையும் பிரத்தியேக வகுப்புகளையும் பல்லாண்டுகள் ஆண்டுவந்த தேர்வு அது. அதன் இடத்தில் பள்ளிசார் மதிப்பீடு வந்தபின், பிள்ளையின் தமிழ் எப்படி வளர்கிறது என்பதற்கான சான்று பெரும்பாலும் ஆசிரியரின் கைக்கு வந்தது.

இங்கேதான் ஓர் ஆய்வாளனாக எனக்கு ஆற்றாமை. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் எழுதிய பக்கங்களும், எந்தச் சந்தியில் தவறினார்கள் என்பதும், அவற்றுக்கு ஆசிரியர்கள் இட்ட திருத்தங்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால், அடுத்த பாடநூலை எழுதுவோருக்கு அதைவிட நல்ல அடித்தளம் வேறு இராது. அவை தனித்தனிக் கைத்தொலைபேசிகளில் கிடந்தன. நினைவகம் நிரம்பியபோது அழிந்தன. கதை வகுப்போ நாளிதழில் அச்சேறியதால், எழுபது ஆண்டு கடந்தும் ஆய்வாளர் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இன்றும் ஆசிரியர்களிடம் மிச்சமிருக்கும் படங்களையேனும், பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டுத் தொகுத்து வைக்க ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் முன்வர வேண்டும். கைத்தொலைபேசிகள் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.