புவி மேலோடு: ஆழம் அறிந்த வரலாறு

புவியின் புறத்தே அமைந்துள்ள திண்மப் பாறைப் படலம் புவி மேலோடு எனப்படுகிறது. இதன் கீழே கவசமும், அதற்கும் கீழே புவியின் நடுப்பகுதியான கருவமும் உள்ளன. புவியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். மேலோட்டின் தடிப்போ கண்டங்களில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர், பெருங்கடல்களின் அடியில் சுமார் 7 கிலோமீட்டர் மட்டுமே. இந்த மெல்லிய ஓட்டையும் மனிதர் இதுவரை முழுமையாகத் துளைத்ததில்லை. அப்படியிருந்தும் அதன் தடிப்பும் தன்மையும் அறியப்பட்டுள்ளன. நில அளவையில் தென்பட்ட ஒரு சிறிய வேறுபாடும், ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளும் அதற்கு வழிகாட்டின.

நில அளவையில் ஒரு புதிர்

1802ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பணியே பின்னர் இந்தியப் பெரும் முக்கோண அளவையாக வளர்ந்தது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை இமயமலை அடிவாரம் நோக்கிக் கொண்டு சென்றார். மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும் அதற்கு வடக்கேயுள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட அகலாங்கு வேறுபாடு இரண்டு முறைகளில் கணக்கிடப்பட்டது. ஒன்று, தரையை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது. மற்றொன்று, விண்மீன்களின் உயரத்தை நோக்கி அறிவது. இரண்டு விடைகளும் சுமார் 5.2 வில்விநாடி வேறுபட்டன. தரையில் இது ஏறத்தாழ 160 மீட்டர்.

விண்மீன்களை நோக்கும்போது செங்குத்துத் திசையைக் காட்டுவது தூக்குக்குண்டு. இமயமலையின் ஈர்ப்பு அக்குண்டைச் சற்றே தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவில் தேவாலயப் பணியில் இருந்த ஜான் பிராட் கருதினார். மலைத்தொடரின் நிறையைக் கொண்டு அவர் கணக்கிட்டபோது வேறுபாடு 15 வில்விநாடிக்கும் மேல் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. உண்மையில் இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. அத்தனை பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது என்பதே புதிராயிற்று.

இதற்கு 1855இல் இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் பெரிய மரக்கட்டை மேலே உயர்ந்து நிற்பதுபோல் கீழேயும் ஆழ அமிழ்ந்திருக்கும். அதுபோலவே மலைகளின் அடியில் அடர்த்தி குறைந்த மேலோட்டுப் பாறை வேர்போல் இறங்கி, அடர்த்தி மிகுந்த பொருளை விலக்கியிருக்கிறது. அதனால் மலையின் மொத்த ஈர்ப்பு குறைகிறது. பிராட் 1859இல் வேறொரு விளக்கம் அளித்தார். உயர்ந்த நிலப்பகுதிகளின் அடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என்பது அவர் கருத்து. இன்று இரண்டுக்கும் இடமுண்டு. இமயமலை, திபெத்துப் பகுதிகளில் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிப்புள்ளது. பெரும்பாலும் பசால்ட் வகைப் பாறையாலான கடலடி மேலோடு, கருங்கல் போன்ற பாறைகள் மிகுந்த கண்ட மேலோட்டைவிட அடர்த்தி கூடியது.

நிலநடுக்கம் காட்டிய எல்லை

மேலோட்டின் அடி எங்கே என்பதை 1909 அக்டோபர் 8 அன்று குரோவாசியாவின் சாக்ரெப் நகருக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கம் காட்டியது. அதன் பதிவுகளை ஆராய்ந்த ஆந்திரியா மோஹோரோவிசிச், ஒரே நிலநடுக்கத்திலிருந்து இரண்டு முதன்மை அலைகள் வந்திருப்பதைக் கண்டார். அருகிலிருந்த நிலையங்களில் மெதுவான அலை முதலில் வந்தது. தொலைவிலிருந்த நிலையங்களில் வேகமான அலை முந்திக்கொண்டது. ஊருக்குள் நேராகச் செல்லும் வண்டியை, சுற்றிப் போனாலும் புறவழிச்சாலையில் விரையும் வண்டி முந்துவது போன்றது இது. ஆழத்தில் அடர்த்தி மிக்க பாறை தொடங்குகிறது, அங்கே அலையின் வேகம் திடீரெனக் கூடுகிறது என்று அவர் முடிவு செய்தார். அவ்விடத்தில் அந்த எல்லை சுமார் 54 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும் கணக்கிட்டார். மேலோட்டையும் கவசத்தையும் பிரிக்கும் அவ்வெல்லை இன்று அவர் பெயரால் மோஹோ எனப்படுகிறது.

துளையிடும் முயற்சிகள்

கணக்கில் கண்ட எல்லையைத் தொட்டுப் பார்க்க அமெரிக்கா மோஹோல் திட்டத்தைத் தொடங்கியது. மேலோடு மெல்லியதாக இருக்கும் கடலடியே இதற்கு ஏற்றது எனக் கருதி, 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே சுமார் 3,600 மீட்டர் ஆழக் கடலில் துளையிடப்பட்டது. கடலடிக்குக் கீழே 183 மீட்டர் வரை சென்றனர். செலவு பெருகியதால் 1966இல் திட்டம் கைவிடப்பட்டது.

சோவியத் ஒன்றியம் 1970இல் கோலா தீபகற்பத்தில் தொடங்கிய துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்குள்ள மேலோட்டின் தடிப்பில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எதிர்பார்த்த 100 டிகிரிக்கு மாறாக 180 டிகிரி செல்சியசு வெப்பம் நிலவியதால் மேலும் துளைக்க இயலவில்லை. அலைகளின் வேகம் மாறுவதைக் கொண்டு, சுமார் 7 கிலோமீட்டர் ஆழத்தில் கருங்கல் முடிந்து பசால்ட் தொடங்கும் என்று முன்பு கருதியிருந்தனர். அங்கே பசால்ட் இல்லை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, விரிசல்களில் நீர் தேங்கிய பாறையே இருந்தது. அலைகளின் வேகம் மாறியது உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணமே தவறு. தொலைவிலிருந்து கணித்தவற்றைப் பாறையே திருத்த வேண்டியிருக்கிறது என்பதைக் கோலா உணர்த்தியது.

2023இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அட்லாண்டிஸ் மேட்டில் 1,268 மீட்டர் ஆழம் வரை துளைத்துக் கவசப் பாறை எடுக்கப்பட்டது. அது புவியசைவுகளால் கடலடிக்கே உயர்ந்து வந்த பாறையாகும். மேலோட்டைக் கடந்து மோஹோவை அடைந்த துளை இன்னும் ஒன்றுகூட இல்லை.