உறைமழை பெய்த தை மாதம்

மின்சாரமின்றி வாழப் பழகியவர்கள் நாம். 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுள் பஞ்சை வைத்துத் துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கை எம்மில் எவர் மறந்தார்? ஆயினும் 1998 சனவரியில் மொன்றியலைச் சூழ்ந்த இருள் வேறு வகையினது. அங்கே இருட்டு மட்டுந்தான்; இங்கே இருட்டோடு குளிரும் வீட்டினுள் புகுந்தது.

சனவரி 5 ஆம் திகதி, திங்கட்கிழமை, மழை தொடங்கியது. பனியன்று, மழைதான். ஆனால் பட்ட இடத்திலேயே அது கண்ணாடியாய் இறுகியது. ஐந்து நாட்களில் நகரிலும் அயலிலும் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் வரை பொழிந்தது. பாரந் தாங்காது 1,000 அளவிலான இரும்புக் கோபுரங்களும் 30,000 மரக்கம்பங்களும் சாய்ந்தன. கியூபெக்கில் 14 இலட்சம் இணைப்புகள் அறுந்தன. 9 ஆம் திகதி வெள்ளிக்கிழமை நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் மின்சாரத்தை இழந்தன. சென் ஹையசிந், கிறான்பி, சென் ஜோன் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் 'கருப்பு முக்கோணம்' என்றனர். அங்கே சில வீடுகளுக்கு ஒரு மாதம் கடந்தே வெளிச்சம் வந்தது. கொரியப் போருக்குப் பின் காணாத அளவில் இராணுவம் இறக்கப்பட்டது. சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஒதுங்கிப் பழகிய எம்மவர்க்கு, மரங்களை வெட்டி அகற்றி, வீடு வீடாய் நலம் விசாரித்த படையினர் புதுமையே.

இது எவ்வாறு நிகழ்ந்தது? ஆர்க்டிக் பகுதியின் கனத்த குளிர்காற்று சென் லோறன்ஸ் பள்ளத்தாக்கிலே தேங்கிக் கிடந்தது. மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரமான வெப்பக்காற்று அதன் மேலேறிச் சென்றது. மேலே நீராய் உருவான துளி, கீழுள்ள மெல்லிய குளிர்ப்படையைக் கடக்கையில் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமலே வந்து, கம்பியைத் தொட்டதும் உறைந்தது. இத்தகைய மழை வழக்கமாகச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அவ்வாண்டு வடக்கேயிருந்த உயரமுக்கம் குளிரை ஊட்டிக்கொண்டேயிருக்க, அத்திலாந்திக்கில் நின்ற மற்றோர் உயரமுக்கம் கிழக்கே வழிவிடவில்லை. 1997-98 எல் நினோவும் இதற்குத் துணைபோயிருக்கலாம் என்பர். அதுவே முழுக் காரணமென்று கூறிவிட முடியாது.

சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றுக்குப் பெயரிட்ட எமது கடலோடிகள், பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றோட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அதை அவர்கள் காணவுமில்லை. துருவக் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடே அதனை உந்துகிறது. 1979 முதல் ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. வேறுபாடு குறைய, ஓட்டம் தளர்ந்து வளைந்து நெளிந்து, வானிலை ஒரே இடத்தில் நின்றுவிடுகிறதென 2012 இலிருந்து சில அறிஞர் வாதிடுகின்றனர். வேறு சிலர் மறுக்கின்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதில் தகராறில்லை.

நின்றுபோன வானிலையை நாம் பின்னரும் கண்டோம். 2018 யூலையில் மொன்றியலில் வெப்பம் 36.6 பாகையைத் தொட்டது. அவ்வலையில் 66 பேர் இறந்தனர். குளிரூட்டியில்லாத வீடுகளில் தனித்திருந்த முதியோரே அவர்களுட் பலர். எமது அம்மாக்களும் அப்பாக்களும் இருக்கும் மேல்மாடிகளை எண்ணிப் பார்க்கிறோம். 2021 யூன் 29 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிற்றன் கிராமம் 49.6 பாகையைக் கண்டது, மறுநாள் எரிந்துபோனது.

2023 ஏப்ரல் 5 இல் உறைமழை மீண்டும் வந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன, எனினும் பெரும்பாலானவை சில நாட்களில் திரும்பின. குளிருக்கு அஞ்சி வீட்டினுள்ளே கரியடுப்பு மூட்டி நச்சுவாயுவில் மயங்கியோர் 1998 இலும் இருந்தனர், அன்றும் இருந்தனர்.