நீல நகரும் வன்னி மரமும்

ராஜஸ்தானத்து நகரங்களை அவற்றின் நிறத்தால் அழைப்பது பயணிகளின் வழக்கம். ஜெய்ப்பூரை இளஞ்சிவப்பு நகர் என்பர். ஜெய்சால்மேரைப் பொன்னகர் என்பர். தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் நிற்கும் ஜோத்பூர் நீல நகர் என்று பெயர் பெற்றது. தொழில் பற்றியும் உத்தியோகம் பற்றியும் வடநாட்டில் வாழும் தமிழருள் பலர் விடுமுறை நாட்களில் இந்நகரைக் கண்டு வருகின்றனர். கோட்டையையும் அரண்மனையையும் பார்த்துத் திரும்புவோர் பெரும்பாலும் அறியாது விட்டுவிடும் வரலாறு ஒன்று அவ்வூருக்கு உண்டு. அதனை இங்கே நினைவு கூர்வோம்.

ரத்தோர் குலத்து ராவ் ஜோதா, பழைய தலைநகரான மண்டோரை விட்டு, அதற்குத் தெற்கே தனித்து நின்ற பாறைக் குன்றின்மேல் 1459 ஆம் ஆண்டில் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினான். நகரத்திலிருந்து ஏறத்தாழ 400 அடி உயரத்தில் விளங்கும் மெஹ்ரான்கட் கோட்டையின் தொடக்கம் அது. குன்றில் தவம் செய்திருந்த துறவி ஒருவர் தம் இருப்பிடத்தை இழந்த சினத்தால், இந்நாடு நீரின்றி வாடுக என்று சபித்தார் எனக் கதை வழங்குகிறது. அடித்தளத்தில் ராஜியா என்னும் ஏழைத் தொழிலாளி உயிரோடு புதைக்கப்பட்டான் என்றும், கோட்டை நிலைபெறுவதற்காக அவன் தானே உடன்பட்டான் என்றும் மரபு கூறுகிறது. மன்னர் குடியின் பெருமையைச் சொல்லும் கோட்டையிலேயே இவன் பெயரும் நிலைத்திருப்பது நாம் கருதத் தக்கது.

கோட்டை வாயில்கள் வெற்றிகளைப் பேசுகின்றன. மொகலாயரிடமிருந்து 1707 இல் நகரை மீட்ட அஜித் சிங்கின் நினைவாகப் பதே போல் நிற்கிறது. ஜெய்ப்பூர், பிகானேர்ப் படைகளை வென்ற மான் சிங் 1806 இல் எழுப்பியது ஜெய போல். மதிலின்மேல் நின்று கீழே நோக்கினால், பிரம்மபுரியின் வீடுகள் நீல நிறத்தில் நெருங்கிக் கிடக்கக் காண்கிறோம். அந்தணர் இல்லங்களுக்கு அடையாளமாக இந்நிறம் தோன்றியது என்பர் சிலர். வெப்பத்தைத் தணிக்கும், கறையானை விலக்கும் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், பழைய முறையில் சுண்ணாம்பிலே நீலம் கலந்துதான் சுவரில் பூசினர். அரண்மனைகளைக் கட்டவும் சுண்ணாம்பே வேண்டியிருந்தது. சுண்ணாம்புக் கல்லை நீற்றுவதற்குச் சூளை வேண்டும். சூளைக்கு விறகு வேண்டும். பாலை நிலத்தில் விறகுக்கு எங்கே போவது?

இந்தக் கேள்விதான் 1730 ஆம் ஆண்டில் பெருந்துயரமாக முடிந்தது. மகாராஜா அபய சிங்கின் புதிய அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு தேடிச் சென்ற அரசாங்க ஆட்கள், நகருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேஜர்லி என்னும் சிற்றூரை அடைந்தனர். கேஜ்ரி மரங்கள் அடர்ந்திருந்தமையால் வந்த பெயர் அது. அங்கே வாழ்ந்தவர் பிஷ்னோய் மக்கள். ஜாம்போஜி என்னும் பெரியார் 1485 இல் வகுத்த இருபத்தொன்பது நெறிகளைப் பின்பற்றுவோர் அவர்கள். இருபதும் ஒன்பதும் சேர்ந்ததே அவர்கள் பெயர். பச்சை மரத்தை வெட்டாமையும் உயிர்களிடத்து இரக்கமும் அந்நெறிகளுள் அடங்கும்.

கோடரி ஓங்கப்பட்டபோது அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவிக்கொண்டு நின்றாள். அவளை வெட்டி வீழ்த்தினர். அவளுடைய மூன்று பெண்மக்களும் தாயைப் பின்பற்றி மடிந்தனர். செய்தி பரவவே, சுற்றுவட்டாரத்துப் பிஷ்னோய் மக்கள் திரண்டு வந்து, ஒவ்வொருவராக மரங்களைத் தழுவி உயிர் நீத்தனர். மாண்டவர் தொகை 363 என்று அச்சமூகம் கணக்கு வைத்திருக்கிறது. செய்தியறிந்த மன்னன் வருந்தி வெட்டுதலை நிறுத்தினான் என்றும், பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டலாகாது என்று ஆணையிட்டான் என்றும் கூறுவர்.

ஒரு மரத்திற்காக இத்தனை உயிர்களா என்று நாம் வியக்கலாம். மார்வாரில் மழை பொய்த்த ஆண்டுகளில் மக்களைக் காத்தது அம்மரமே. அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம்; சாங்கிரி எனப்படும் காய் மனிதருக்குக் கறி; வேரோ ஆழ்ந்து சென்று நீரைத் தேடுவதால், அதன் நிழலில் கம்பும் விளையும். கொடும் பஞ்சங்களில் பட்டையையும் இடித்து மாவாக்கி உண்டு உயிர் தரித்தனர். ஆகவே அம்மக்கள் காத்தது தங்கள் சந்ததியின் உணவையுந்தான்.

அந்தக் கேஜ்ரி நமக்குப் புதிய மரமன்று. தமிழ்நாட்டில் வன்னி என்று நாம் வழங்குவது அதனையே. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் தலமரமாக நிற்பது வன்னி. விநாயகருக்கு நாம் சாத்தும் பத்திரம் வன்னி. பாண்டவர் தம் படைக்கலங்களை மறைத்து வைத்ததாகப் பாரதம் கூறுவதும், விஜயதசமியன்று நாம் வணங்குவதும் வன்னியே. நாம் கோயிலில் வைத்துப் போற்றும் மரத்தை அவர்கள் வயல்வெளியில் வைத்துப் போற்றினர்.

ராஜஸ்தான் அரசு 1983 இல் கேஜ்ரியை மாநில மரமாக அறிவித்தது. கேஜர்லியில் நினைவிடம் அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் புரட்டாதித் திங்களை ஒட்டிய வளர்பிறைத் தசமியில் அங்கே மக்கள் கூடி மாண்டோரை நினைந்து வணங்குகின்றனர். ஜோத்பூர் செல்லும் நம்மவர் கோட்டையைக் கண்டபின் மேலும் அரை நாளை ஒதுக்கி அச்சிற்றூருக்கும் சென்று வருதல் நலம். உடன் வரும் குழந்தைகளுக்கு அங்குள்ள மரங்களைக் காட்டி, இதுவே நம்மூர் வன்னி என்று சொல்லலாம். அதைக் காக்க மாண்டவர்களின் கதையையும் அம்மரத்தடியிலேயே சொல்லலாம்.