அழைப்பாணை வந்தால் போகாமல் இருக்கலாமா?



"பாராளுமன்றக் குழு கூப்பிட்டா போகத்தான் வேணுமா சேர்?" வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. பெரியவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சட்டப்படி போகத்தான் வேண்டும். 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க பாராளுமன்ற (அதிகாரங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம், சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வேண்டுமென்றே மறுத்தால் அது சிறப்புரிமை மீறல். விடயம் உயர் நீதிமன்றம் வரை போனால், இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

ஒரு காலத்தில் பாராளுமன்றமே தண்டித்தது. 1978இல் சட்டத்தைத் திருத்தி, 'ஒப்சர்வர்' ஆசிரியர்கள் இருவருக்குச் சபையே அபராதம் விதித்தது. அது சாட்சி சொல்ல மறுத்த வழக்கல்ல, பத்திரிகையில் வந்த ஒரு விடயம். அந்த அதிகாரம் 1997இல் நீக்கப்பட்டது.

இனி 2019க்கு வருவோம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் நமக்குத் தூர ஊர் அல்ல. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை விசாரிக்க, பிரதி சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் மே மாதம் தெரிவுக்குழு அமைந்தது. விசாரணை ஊடகங்களுக்கு முன் நடந்தது.

மே 29இல் தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸ் சாட்சியம் அளித்தார். சில நாட்களில் அவர் பதவியில் இல்லை. ஜூன் 7இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பணியில் உள்ள பாதுகாப்பு, புலனாய்வு அதிகாரிகளைக் குழுவுக்கு அனுப்பமாட்டேன் என்றார். அடுத்த வாரம் அமைச்சரவைக் கூட்டமும் நடக்கவில்லை.

நமது சமூகத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஜம்இய்யத்துல் உலமா பிரதிநிதிகள் போனார்கள். அசாத் சாலி போனார். ஊரே சந்தேகத்தோடு பார்த்த நாட்களில், கமராவுக்கு முன் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அதிகாரம் இல்லாதவர்களுக்கு அழைப்பாணை ஒரு கட்டளை. அதிகாரம் உள்ளவர்களுக்கு அது பேரம் பேசும் விடயமாகிவிட்டது.

ஆனாலும் குழு விடவில்லை. அரச புலனாய்வுச் சேவையின் தலைவரும் பின்னர் சாட்சியம் அளித்தார். செப்டெம்பரில் ஜனாதிபதியிடம் அவருடைய செயலகத்துக்கே போய்க் கேட்டார்கள். ஒக்டோபர் 23இல் அறிக்கை சபைக்கு வந்தது. தடுக்கப் பார்த்ததற்காக யாரும் சிறை போகவில்லை.

அமெரிக்காவில் வேறு விதம். 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த குழுவின் அழைப்பாணையை மதிக்காத ஸ்டீவ் பானன், பீட்டர் நவாரோ இருவரும் ஜனாதிபதிக்கு நெருக்கமாக இருந்தவர்கள். இருவருக்கும் தலா நான்கு மாதச் சிறை. 2024இல் அனுபவித்தார்கள்.

இங்கு கணக்கு வேறு வழியில் வந்தது. அடிப்படை உரிமை வழக்குகளில் 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. சிசிர மெண்டிஸுக்கு 1 கோடி. அந்தத் தொகை சாட்சி விடயத்துக்காக அல்ல, தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக.

சாட்சிக்கு அழைக்கப்படுபவரின் கடமையைப் பற்றி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் நாம் ஓதுகிறோம். அந்தக் கடமையில் பதவிக்கு விலக்கு இல்லை. நமது சட்டத்திலும் எழுத்தில் தண்டனை இருக்கிறது. அதைப் பெரியவர்கள் மீதும் பயன்படுத்தும்படி கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்களாகிய நாம்தான். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.