பகடையும் பட்டியலும்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணியானால் பேரன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். காதில் ஹெட்போன். நான்கு ஊர்களில் இருக்கும் நண்பர்களோடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடமாடுவார்கள். வாள் வெட்டு விழுந்ததா, கதவு திறந்ததா என்பதையெல்லாம் இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

போன மாதம் அவர்களுக்குள் பெரிய சண்டை. ஒரு பையன் தன் வீட்டு மேசையில் பகடையை உருட்டிவிட்டு, தொடர்ந்து மூன்று முறை "இருபது" என்று சொல்லியிருக்கிறான். யார் பார்த்தது?

"எட்டாயிரத்துல ஒரு தடவை நடக்கலாம்டா" என்றேன்.

"அந்த ஒரு தடவை அவனுக்குத்தான் நடக்கணுமா தாத்தா? இனிமே எல்லாரும் சைட்லதான் உருட்டணும்னு சொல்லிட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அந்தச் சாக்கில் இந்த விளையாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர், டேவ் ஆர்னசன் என்பவரோடு சேர்ந்து 1974-இல் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார். முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். அப்போதே அதில் பட்டியல்கள் இருந்தன. பாதாள அறைகளில் ஆட்கள் நடந்துகொண்டிருக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கதைசொல்லி ஓர் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் ஏதோ ஒன்று எதிரே வருகிறது. என்ன வருகிறது என்பதற்கு இன்னொரு பட்டியல், இன்னொரு உருட்டல்.

1975 வசந்தத்தில் வந்த 'தி ஸ்ட்ராட்டஜிக் ரெவ்யூ' என்ற அவர்களுடைய பத்திரிகையின் முதல் இதழில், கதைசொல்லி இல்லாமல் ஒரே ஆள் தனியாக ஆடும் வழியைக் கைகாக்ஸ் எழுதினார். நடைபாதை எங்கே திரும்புகிறது, அறை எத்தனை பெரிது, உள்ளே புதையலா பூதமா, எல்லாம் பகடை சொல்லும். 1979-இல் வந்த கதைசொல்லி கையேட்டில் இதுவே முதல் பின்னிணைப்பு. அதற்குப் பின்னால் இன்னும் பல பட்டியல்கள். எனக்குப் பிடித்தது அறைக்குள் என்ன வாடை அடிக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, என்ன தட்டுமுட்டுச் சாமான் கிடக்கிறது என்று தனித்தனியாகப் போட்டிருக்கும் பகுதி. மூன்று உருட்டலில் ஒரு வாக்கியம் தயார். எழுதத் தெரியாதவனும் ஒரு அறையை வர்ணித்துவிடலாம்.

பட்டியலுக்கு வேலையைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. கதைசொல்லியும் மனிதன்தானே. பிடித்த ஆட்டக்காரனுக்கு எளிய வழி, பிடிக்காதவனுக்குப் பூதம் என்று கை சாய்ந்துவிடும். பகடைக்கு யாரையும் தெரியாது.

இங்கேதான் என் கதை வருகிறது. நான் மாதிரிக் கணக்கெடுப்பில் கள ஆய்வாளராக இருந்தவன். ஊருக்குப் போய் வீடுகளை வரிசையாக எண்ணிட்டு, எந்த வீட்டில் கேள்வித்தாளை நிரப்புவது என்பதைச் சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பார்த்து எடுப்போம். இந்த மாதிரி அட்டவணைகளுக்கு முன்னோடி, டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1927-இல் வெளியிட்டது. மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி, 41,600 இலக்கங்களை வரிசையாக அச்சிட்டிருந்தார். அதுவும் ஒருவகைப் பகடைதான், முன்கூட்டியே உருட்டி வைத்த பகடை.

ஒரு மழைக்காலம். அட்டவணை காட்டிய வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இடுப்பளவு தண்ணீர். 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு, இந்தப் பக்கம் திண்ணை வைத்த வீட்டில் உட்கார்ந்து, காபியும் குடித்துவிட்டு, தாளை நிரப்பிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவைதான் அந்த ஊரிலேயே வசதி குறைந்த வீடுகள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். பேரனிடம் அந்தப் பையனைத் திட்ட வாய் வராததற்குக் காரணம் அதுதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். ஆட்டம் தபாலுக்கும் மின்னஞ்சலுக்கும் போனபோதே இந்த நம்பிக்கைச் சிக்கல் வந்துவிட்டது. கேட்டால் பகடை உருட்டி, முடிவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அஞ்சலில் அனுப்பும் சர்வர்கள் வந்தன. 2012-இல் வந்த 'ரோல்20' தளத்தில் எல்லோரும் ஒரே மேசையைத் திரையில் பார்க்கிறார்கள். பகடையும் அங்கே, பட்டியலும் அங்கே. ஒரு பட்டனைத் தட்டினால் விடுதிக்காரன் பெயரோ வாடையோ வந்து விழும்.

பெயர் என்றதும் ரஷ்யக் கணிதர் மார்க்கோவ் நினைவு வருகிறார். 1913-இல் அவர் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, எது உயிர், எது மெய் என்று கையால் எண்ணினார். உயிர் 8,638. அவற்றில் ஓர் உயிரை ஒட்டி இன்னொரு உயிர் வந்தது 1,104 முறைதான். அதாவது, ஓர் எழுத்துக்குப் பின் என்ன வரும் என்பது அந்த எழுத்தைப் பொறுத்தது. 1948-இல் அமெரிக்கர் ஷானன் இதையே திருப்பிப்போட்டு, எண்ணிய கணக்கை வைத்து ஆங்கிலம் போலவே தோன்றும் வெற்றுச் சொற்களை உண்டாக்கிக் காட்டினார். இன்று இணையத்தில் குள்ளர் பெயர், யட்சிப் பெயர் என்று உற்பத்தி செய்யும் கருவிகளில் பலவற்றின் உள்ளே ஓடுவது இதுதான். 1984-இல் வந்த 'எலைட்' என்ற கணினி விளையாட்டில் வேறு வகை. எழுத்துகளை இரண்டிரண்டாக ஒட்டி, எட்டு மண்டலங்களில் மண்டலத்துக்கு 256 கிரகங்களுக்குப் பெயர் வைத்தது. ஒரு மண்டலத்தில் ஒரு கிரகத்துக்கு ஆங்கிலக் கெட்ட வார்த்தை விழுந்துவிட, அந்த மண்டலத்தையே தூக்கிவிட்டார்களாம். பகடைக்கு நாகரிகமும் தெரியாது.

பேரன் தமிழ் ஊர்ப்பெயருக்கு இந்த மார்க்கோவ் முறையை முயன்றான். முதலில் வந்தவை 'ட்டிமங்', 'ற்குறி' என்ற ரகம். சொல் எங்கே தொடங்குகிறது என்று அதற்குச் சொல்லித்தர மறந்திருந்தான். தவிர, கணினி 'கு' என்பதை ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறது. கொக்கி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றன. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பதற்குக் கணக்கு உண்டு என்று தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டினேன். தொல்காப்பியர் வரலாம், வரக்கூடாது என்று சொன்னதோடு விட்டார். மார்க்கோவ் எத்தனை முறை என்று எண்ணினார். "ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டுட்டா சரியாயிடும் தாத்தா" என்றான். சேர்த்துப் போட்டான். பட்டி, குறிச்சி, நல்லூர் என்று ஊர்கள் வரிசையாக வந்தன. சில ஊர்களுக்கு நான் பஸ் ஏறிப் போயிருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

2019 முதல் 'ஏஐ டன்ஜன்' மாதிரி, கதையையே கணினி எழுதும் விளையாட்டுகளும் வந்துவிட்டன. பேரனின் கூட்டம் அதைத் தொடவில்லை. கதைசொல்லி ஒரு ஆளாக இருந்தால்தான் சண்டை போட முடியுமாம்.

நூறு ஊர்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டுத் தரச் சொன்னான். எண்ணிட்டுக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று குறித்து வைத்தேன். போன ஞாயிறு உருட்டியபோது அது விழவில்லை.