நிறத்திற்கும் ஓர் அளவுகோல்

அரிசியை அளக்கப் படி உண்டு. துணியை அளக்க முழம் உண்டு. கொட்டகையில் பாலை நிறுக்கத் தராசு உண்டு. நிறத்தை எதைக் கொண்டு அளப்பது? கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த குடும்பப் படம், அச்சாகி வந்தவுடன் கறுத்துப் போகிறதே, ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் தோட்டங்களோடும் தொடர்புடையது.

நிறத்தைக் கண்ணே சொல்லிவிடுமே என்று நாம் நினைக்கலாம். ஆனால் கண் எளிதில் ஏமாறக்கூடியது. மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியிலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. உச்சி வெயிலிலும் அது வெள்ளைதான். ஒளி மாறினாலும் கண் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். வாழ்வதற்கு இது நல்ல குணம். அளப்பதற்கு உதவாத குணம்.

இதனால் வரும் தொல்லையை ரப்பர் உலகம் நன்கு அறியும். புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் தெளிவையும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒருவர் கண்ணுக்கு முதல் தரம். மற்றவர் கண்ணுக்கு இரண்டாம் தரம். தரம் இறங்கினால் விலையும் இறங்கும். 1965-ஆம் ஆண்டில் மலேசியா எஸ்.எம்.ஆர். என்னும் தரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கண் பார்வையைவிட ஆய்வுக்கூடச் சோதனைக்கே அதில் முதலிடம். வெளிர் நிற ரப்பரான எஸ்.எம்.ஆர். எல் வகைக்கு, எண்ணிட்ட நிறக் கண்ணாடிகளோடு ஒப்பிட்டு நிறத்தை அளக்கும் முறையும் வந்தது. அந்த அளவில் 6-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி.

அந்தக் கண்ணாடிகள் யார் கண்டுபிடிப்பு? இங்கிலாந்தில் பீர் வடித்த ஜோசப் லோவிபாண்ட் என்பவருடையவை. தம் சரக்கின் நிறம் வாரத்துக்கு வாரம் மாறாதிருக்க வேண்டும் என்று எண்ணிய அவர், 1885-இல் நிறமிட்ட கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். பீருக்காகப் பிறந்த அக்கருவி செம்பனை எண்ணெய்க்கும் வந்து சேர்ந்தது. சுத்திகரித்த எண்ணெயின் சிவப்பு, லோவிபாண்ட் அளவில் 3-க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது வணிகத்தில் நிலைத்த வழக்கம். நம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் நிறம் என்பது எண்தான்.

அடுத்த பெரிய படி 1931-இல் எடுத்து வைக்கப்பட்டது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து, காணும் நிறத்துக்கு இணை செய்யுமாறு ரைட், கில்டு என்ற இரு ஆங்கில ஆய்வாளர்கள் சிலரைச் சோதித்தனர். ரைட்டிடம் 10 பேர், கில்டிடம் 7 பேர். அந்த 17 பேரின் பார்வையை அடிப்படையாக வைத்து, அனைத்துலக ஒளியியல் ஆணையம் மனிதக் கண்ணுக்கு ஒரு பொது அளவை வகுத்தது. இன்று நம் கைப்பேசித் திரை வரை அந்த அளவே அடித்தளம்.

அளவுகோல் இருப்பது நல்லது. அதை யாரை வைத்து வகுத்தார்கள் என்று கேட்பதும் நல்லது. வண்ணப் படங்கள் பரவிய காலத்தில், கோடக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எந்திரம் சரி. கறுத்த முகமும் வெளுத்த முகமும் ஒரே படத்தில் அமைந்தால், கறுத்த முகத்தின் கண்ணும் மூக்கும் இருளில் மறைந்தன. மரத் தளவாடம் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகே அந்நிறுவனம் பழுப்பு நிறங்களில் அதிகக் கவனம் செலுத்தியது என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-இல் எழுதிய கட்டுரையில் பதிவு செய்துள்ளார். பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. ஆயினும் 1976-இலேயே மெக்பெத் நிறுவனம் 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை ஒன்றை வெளியிட்டிருந்தது. அதன் முதற்கட்டம் கறுத்த தோலின் நிறம். வெளுத்த தோலின் நிறம் இரண்டாம் கட்டம்.

நம் வீடுகளுக்கு வண்ணத் திரை தொலைக்காட்சியாகவே முதலில் வந்தது. சிங்கப்பூரில் வண்ண ஒளிபரப்பு 1974-இல் தொடங்கியது. தென் ஜொகூர் மக்கள் கடல் தாண்டி வந்த அந்த அலைகளைப் பிடித்துப் பார்த்தனர். மலேசியத் தொலைக்காட்சி 1978 டிசம்பரில் வண்ணத்துக்கு மாறியது. பெட்டியின் திருகைத் திருப்பி, நடிகரின் முகம் மனிதர் நிறத்துக்கு வரும்வரை சரிசெய்தோமே, அதுவும் ஒருவகை நிற அளவீடுதான்.

கணினி வந்தபோது பழைய சிக்கல் மறுபடி தலைதூக்கியது. ஒவ்வொரு நிறுவனத்தின் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டியது. இதைத் தீர்க்க 1993-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அனைத்துலக நிறக் கூட்டமைப்பை அமைத்தன. 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாப்டும் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற பொது அளவை முன்வைத்தன. 1999-இல் அது அனைத்துலகத் தரமாயிற்று.

இனி, திரையைச் சீர்படுத்தும் முறையைப் பார்ப்போம். திரையை அரை மணி நேரம் எரியவிட வேண்டும். சன்னல் வெயிலோ விளக்கொளியோ அதன்மேல் நேராக விழக்கூடாது. வெள்ளை நிறத்தின் தன்மையை 6500 கெல்வின் என்றும், இருளிலிருந்து ஒளிக்கு ஏறும் படிக்கட்டான 'காமா'வை 2.2 என்றும் வைப்பது வழக்கம். ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைப்பார்கள். நிறமானி என்னும் சிறு கருவியைத் திரையின்மேல் ஒட்டினாற்போல் தொங்கவிட்டால், கணினி நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். கருவி அவற்றை அளக்கும். அனுப்பிய நிறத்துக்கும் வெளிவந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினி குறித்து வைத்துத் திருத்திக்கொள்ளும். கருவி இல்லாதவர்கள் விண்டோஸில் உள்ள சீர்படுத்தும் வசதியைப் பயன்படுத்தலாம். சாம்பல் நிறப் பட்டை ஒன்றைத் திரையில் பாருங்கள். அதில் நீலமோ சிவப்போ கலந்து தெரிந்தால் திரையில் குறை இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? ஜொகூரில் எத்தனையோ தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. லயமும் கோயிலும் திருவிழாவும் பல குடும்பங்களுக்குப் படத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. பழைய வண்ணப் படங்களில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். படம் செம்மை ஏறிவிடும். நம் பிள்ளைகள் அவற்றைக் கணினியில் ஏற்றித் திருத்துகிறார்கள். திரையின் ஒளி மிகுதியாக இருந்தால், படத்தை அவர்கள் தேவைக்கு மேல் இருட்டாக்குவார்கள். அச்சில் தாத்தாவின் முகமே மறையும். திரை நீலம் பாய்ந்திருந்தால், அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டுவார்கள்; பாட்டி மஞ்சள் காமாலை கண்டவர்போல் தோன்றுவார்.

பெற்றோரே, மாணவர்களே! படத்தைத் திருத்தும் முன் திரையைத் திருத்துங்கள். மூலப்படத்தின் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள். அழகுக்காக முகத்தை வெளுக்க வேண்டாம். விடியற்காலை மரம் வெட்டி, வெயிலில் பால் சுமந்த அந்த முகங்களின் நிறமும் நம் வரலாற்றில் ஒரு சான்று. அதைச் சரியாக அளந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம்.