ஜுஹுவிலிருந்து ‘.இந்தியா’ வரை

இந்தியாவுக்கான ‘.ஐஎன்’ இணைய முகவரிகளைத் தொடக்கத்தில் பதிவு செய்து வந்தது, மும்பை ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். 2005-இல் அப்பணி நிக்சி எனும் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனத்துக்கு மாறியது.

ரோமன் எழுத்து முகவரிகளைத் தாண்டி, தமிழ் உள்ளிட்ட பன்மொழி முகவரிகளுக்கான சோதனை 1998-இலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினரால் நடந்தது. 2003-இல் வெளியான பியூனிகோடு முறைப்படி, பயனர் தமிழில் தட்டினாலும் வழங்கியைச் சென்றடைவது ‘எக்ஸ்என்’ எனத் தொடங்கும் ரோமன் எழுத்துக் குறியீடே. அதனால் பழைய வழங்கிகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

உலக இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான், 2007 அக்டோபரில் 11 மொழிகளில் சோதனை நடத்தியது; தமிழுக்கான சோதனை முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. 2009-இல் அந்தந்த மொழி எழுத்துகளிலான நாட்டுப் பெயர்களுக்கு வழி திறந்ததும், அரசுகளின் ஒப்புதலோடு ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ மூன்றும் அடுத்தடுத்து நடைமுறைக்கு வந்தன. ‘.இந்தியா’வின் பொறுப்பு நிக்சியிடம் உள்ளது.